கழுத்தைக் காப்பாத்துற ஹான்ஸ்: பார்த்து வாங்குறதும் சரியா மாட்டுறதும்

புதுசா ரேஸ் கார்ல உட்காரப் போற பசங்க என்கிட்ட வந்தா எந்த ஹெல்மெட் வாங்கலாம்னு கேப்பாங்க, எந்த சூட் நல்லா இருக்கும்னு கேப்பாங்க, ஷூ கலர் வரைக்கும் கேப்பாங்க. கழுத்தைக் காப்பாத்த தோள்ல மாட்டுற ஹான்ஸ் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. ரேஸுக்கு முன்னாடி காரையும் சாமானையும் செக் பண்ற ஸ்க்ரூட்டினியில கேப்பாங்களேன்னு கடைசி நிமிஷத்துல யார்கிட்டயாவது இரவல் வாங்கி தோள்ல போட்டுக்கிட்டு கிளம்பிடுவாங்க. எனக்கு அதைப் பார்த்தாலே வயித்தைக் கலக்கும். ஏன்னா ஹெல்மெட் கொஞ்சம் சைஸ் மாறினாக்கூட ஏதோ கொஞ்சம் வேலை செய்யும், ஹான்ஸ் தப்பா மாட்டியிருந்தா அது இருக்கிறதும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான். அதனால வாங்குறதுலேருந்து மாட்டிக்கிட்டு வெளிய குதிக்கிற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சதை எழுதிடறேன்.

மொதல்ல அது என்னன்னு தெரியாதவங்களுக்கு. ஹெட் அண்ட் நெக் சப்போர்ட்ங்கிறதோட சுருக்கம்தான் ஹான்ஸ். தோள் மேல உட்கார்ந்து நெஞ்சு வரைக்கும் ரெண்டு கை மாதிரி இறங்கும், கழுத்துக்குப் பின்னாடி ஒரு காலர் உசரமா நிக்கும், அந்தக் காலர்லேருந்து ஒரு பட்டை போய் ஹெல்மெட்டோட ரெண்டு பக்கமும் மாட்டிக்கும். அந்தப் பட்டையைத்தான் டெதர்னு சொல்றாங்க. ஹான்ஸை உடம்போட பிடிச்சு வைக்கிறது நம்ம தோள் பெல்ட்டுதான், தனியா வேற எதுவும் கிடையாது. இது மட்டும் மனசுல இருந்தா கீழ சொல்லப்போற பாதி விஷயம் தானா புரிஞ்சிடும்.

இதை யார் செஞ்சாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா எப்படி மாட்டணும்னும் சுலபமா பிடிபடும், அதனால அந்தக் கதை கொஞ்சம். அமெரிக்காவுல அட்லாண்டாக்காரர் ஜிம் டவுனிங், மஸ்டா கார்ல ஐம்சாங்கிற அமெரிக்க ரேஸ் தொடர்ல ஓட்டினவர், அஞ்சு தடவை சாம்பியன். 1981ல மிட்-ஓஹையோ டிராக்ல டெஸ்ட் ஓட்டம் ஓட்டிக்கிட்டிருந்த பாட்ரிக் ஜாக்மார்ங்கிற பிரெஞ்சு டிரைவர் மோதி இறந்துட்டார், டவுனிங்குக்கு நண்பர். பெல்ட் உடம்பை நல்லாத்தான் பிடிச்சிருக்கு, ஆனா தலை முன்னாடி பிய்ச்சுக்கிட்டுப் போனதுல மண்டை ஓட்டோட அடிப்பகுதி உடைஞ்சு போச்சு. அந்த சீட்ல நாளைக்கு நாமதானே உட்காரப் போறோம்னு டவுனிங்குக்கு உறைச்சிருக்கு. அவரோட மச்சான், அதாவது கூடப்பிறந்தவளைக் கட்டினவர், பாப் ஹப்பர்ட். மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில பயோமெக்கானிக்ஸ் புரொஃபசர், அதுக்கு முன்னாடி ஜெனரல் மோட்டார்ஸ்ல விபத்துல உடம்பு எப்படி அடிபடுதுங்கிற ஆராய்ச்சியில இருந்தவர். மாப்பிள்ளையும் மச்சானும் உட்கார்ந்து பேசினதுல பொறந்ததுதான் ஹான்ஸ். ஹப்பர்ட் டிசைன் பண்ணுவார், டவுனிங் அதைப் போட்டுக்கிட்டு கார்ல உட்கார்ந்து பார்ப்பார். 1986லயே ரேஸ்ல அதை மாட்டிக்கிட்டு ஓட்டியிருக்கார், ஐம்சாவுல கேமல் லைட்ஸ்ங்கிற பிரிவுல 1985, 86, 87னு வரிசையா மூணு வருஷம் சாம்பியன் ஆன காலம் அது. இதை மாட்டினா ஓட்ட முடியாதுன்னு சொன்னவங்களுக்கு அதை விட என்ன பதில் வேணும்?

ஆனா யாரும் கேக்கலை. ஏற்கனவே பாதுகாப்பு சாமான் செஞ்சிட்டிருந்த கம்பெனிகள் இதைக் கையில எடுக்கலை, அதனால 1991ல ரெண்டு பேரும் ஹப்பர்ட் டவுனிங்னு சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சாங்க. பெருசா இருக்கு, உறுத்துது, அவசரத்துக்கு வெளிய வர முடியாதுன்னு டிரைவருங்க ஒதுக்கிட்டாங்க. 1994ல இத்தாலியில இமோலா டிராக்ல ஃபார்முலா ஒன் டிரைவருங்க ராட்சன்பெர்கரும் சென்னாவும் அடுத்தடுத்த நாள் இறந்த பிறகு ஃபார்முலா ஒன் பக்கம் ஏர்பேக் வைக்கலாமான்னு யோசிச்சுப் பார்த்தாங்க, மெர்சிடஸ் ஆட்கள் சோதனை பண்ணிப் பார்த்ததுல ஹான்ஸ்தான் மேல்னு வந்துச்சு, ஃபார்முலா கார்ல அடங்குற மாதிரி அதைச் சின்னதாக்கினதும் அப்போதான். அமெரிக்காவுல நாஸ்கார்ங்கிற கார் ரேஸ் தொடர்ல 2000த்துல மட்டும் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர்னு மூணு பேர் போனாங்க, 2001 பிப்ரவரி 18 டேடோனா 500 கடைசி லேப்ல டேல் எர்ன்ஹார்ட் போனார். அவர் ஹான்ஸ் போடலை. அந்த வருஷம் அக்டோபர்ல நாஸ்கார் தலை கழுத்துக்குப் பாதுகாப்பு கட்டாயம்னு சொல்லிடுச்சு, 2003ல ஃபார்முலா ஒன்லயும் கட்டாயமாச்சு. 1981ல ஒருத்தர் இறந்ததுக்கு யோசிச்ச சாமான் எல்லார் தோளுக்கும் வந்து சேர இருபது வருஷம் ஆயிருக்கு, நடுவுல எத்தனை பேர்னு நினைச்சா இன்னிக்கும் எனக்கு ஆறலை.

சரி, ஏன் தலை போகுது? ஒரு சின்னக் கணக்கு. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறரை கிலோன்னு வைங்க. 50 ஜி, அதாவது எடையைப் போல 50 மடங்கு இழுக்குற அடியில அது அந்த நொடிக்கு 325 கிலோ மாதிரி முன்னாடி இழுக்கும். நெஞ்சை பெல்ட் பிடிச்சிருக்கு, தலையைப் பிடிக்க கழுத்தைத் தவிர வேற ஆள் இல்லை. ஹான்ஸ் மாட்டியிருந்தா அந்த இழுப்பு டெதர் வழியா காலருக்குப் போய், அங்கேருந்து தோள் பெல்ட்டுக்குப் போயிடும், கழுத்துக்கு மிச்சம் கொஞ்சம்தான். 2007ல மாண்ட்ரியல்ல ராபர்ட் குபிட்சா கார் சுக்குநூறா போச்சு, உச்சத்துல 75 ஜின்னு பதிவாச்சு, மனுஷன் ஒரே ஒரு ரேஸ் மட்டும் விட்டுட்டு திரும்ப வந்து ஓட்டினார்.

இப்ப வாங்குற விஷயம். ஹான்ஸுக்கு முன்னாடி உங்க கார்ல என்ன பெல்ட் இருக்குன்னு பாருங்க. ரோட்டு கார்ல வர்ற மூணு பாயிண்ட் பெல்ட்டோட ஹான்ஸ் போடவே கூடாது, அது ஒரு தோளைத்தான் பிடிக்கும், இன்னொரு பக்கம் ஹான்ஸைப் பிடிக்க ஆளே இல்லை. சொந்தக் காரை ரேஸ் டிராக்ல ஓட்டிப் பார்க்குற டிராக் டேக்கு போறவங்க ஹான்ஸ் மட்டும் வாங்கிட்டா போதும்னு நினைக்கிறாங்க, போதாது. ரேஸ் சீட் வேணும், ஆறு இடத்துல பிடிக்கிற ரேஸ் பெல்ட், அதாவது ஆறு பாயிண்ட் ஹார்னஸ் வேணும், காருக்குள்ள கம்பிக் கூண்டு மாதிரி இருக்கிற ரோல் கேஜ் வேணும், அதுக்கப்புறம்தான் ஹான்ஸ். நாலு பாயிண்ட் ஹார்னஸ்ல கால் நடுவுல வர்ற பட்டை இல்லைங்கிறதால அடியில உடம்பு பெல்ட்டுக்குக் கீழ சறுக்கிக்கிட்டுப் போகும், இடுப்பு எலும்புல இருக்க வேண்டிய பெல்ட் வயித்துல ஏறிடும். அதனால நான் எப்பவும் ஆறு பாயிண்ட்தான் சொல்லுவேன்.

அடுத்தது ஹெல்மெட். பைக் ஹெல்மெட்ல டிரில் போட்டு டெதர் மாட்டுற பிடியை, அதாவது ஹான்ஸ் ஆங்கரை மாட்டலாமான்னு கேக்குறவங்க இன்னும் இருக்காங்க, தயவு செஞ்சு அந்த வேலை வேண்டாம். ஹெல்மெட்டுக்குத் தரம் வைக்கிற ஸ்னெல் அமைப்போட எஸ்ஏ2010 தரத்துலேருந்து வர்ற எஸ்ஏ ஹெல்மெட் எல்லாத்துலயும் ஆங்கர் மாட்டுறதுக்குன்னே மரை உள்ள ஓட்டை கம்பெனியிலயே வெச்சு வரும். எஸ்ஏன்னா கார் ரேஸுக்குன்னு நெருப்பு, ரோல் கேஜ் கம்பியில இடிக்கிறதுன்னு சோதிச்சது, எம்னு போட்டிருந்தா பைக்குக்கு. புதுசா வாங்குறவங்க எஸ்ஏ2020க்குக் கீழ போகாதீங்க, பழசை எத்தனை வருஷம் விடுவாங்கன்னு ஒவ்வொரு ரேஸ் ரூல் புக்கும் ஒவ்வொரு மாதிரி சொல்லும், பணம் கட்டுறதுக்கு முன்னாடி படிச்சிடுங்க.

ஹான்ஸ்ல ரெண்டு அளவு இருக்கு, ஒண்ணு ஆங்கிள், ஒண்ணு சைஸ். எல்லாரும் சைஸைப் பார்ப்பாங்க, ஆங்கிளை விட்டுடுவாங்க, நான் பார்த்த வரைக்கும் தப்பு நடக்கிறது ஆங்கிள்லதான். 10, 20, 30, 40னு டிகிரி இருக்கும், நீங்க கார்ல எவ்வளவு சாய்ஞ்சு உட்காருறீங்கங்கிறதுதான் அது. சலூன் கார், ரேலி கார் மாதிரி நிமிர்ந்து உட்காருற சீட்டுன்னா 20, பெரும்பாலானவங்க வாங்குறது இதுதான். ஃபார்முலா கார்ல படுத்த மாதிரி உட்காருவோம், அங்க 30, ரொம்ப சாய்ஞ்சிருந்தா 40. ஆங்கிள் பொருந்தலைன்னா காலர் ஹெல்மெட்டை முன்னாடி முட்டித் தள்ளும், இல்லைன்னா ஹான்ஸ் தோள்ல படியாம தூக்கிக்கிட்டு நிக்கும். அதனால கடையில நின்னுக்கிட்டு போட்டுப் பார்க்குறதுல அர்த்தமே இல்லை, உங்க கார்ல, உங்க சீட்ல, பெல்ட் போட்டு உட்கார்ந்து பார்க்கணும். டவுனிங் அப்படித்தான் பார்த்திருக்கார், ஒவ்வொரு மாடலையும் தன் தோள்ல போட்டு. சைஸ் கழுத்து அகலத்தைப் பொறுத்தது, பெரியவங்க நிறைய பேருக்கு மீடியம் சரியா இருக்கும். கழுத்துப் பக்கம் நெருக்கிப் பிடிக்கவும் கூடாது, தோள்ல அங்கயும் இங்கயும் நகரவும் கூடாது.

விலை பத்தி ஒரு வார்த்தை. கார்பன் ஃபைபர்ல செஞ்சது லேசா இருக்கும், விலை ஜாஸ்தி. சாதா மெட்டீரியல்ல செஞ்சது கொஞ்சம் கனம், விலை கம்மி. ரெண்டும் உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏவோட ஒரே 8858 சோதனையில பாஸ் ஆனதுதான்னா கம்மி விலையையே வாங்குங்க, மிச்சக் காசை பெல்ட்டுல போடுங்க. எஃப்ஐஏ ஸ்டிக்கர், இல்லைன்னா அமெரிக்காவுல ரேஸ் சாமானுக்குத் தரம் வைக்கிற எஸ்எஃப்ஐயோட 38.1 லேபிள், இது ரெண்டுல ஒண்ணு இல்லாதது எதையும் தொடாதீங்க, போலி நிறைய சுத்துது. செகண்ட் ஹேண்ட் வாங்குறதா இருந்தா அது எந்த ஆக்சிடென்ட்லயும் இருந்ததில்லைன்னு உறுதியா சொல்லக்கூடிய ஆள்கிட்ட மட்டும் வாங்குங்க, டெதரைப் புதுசா மாத்திடுங்க. எஸ்எஃப்ஐ லேபிள் உள்ளதை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப சோதிச்சு சான்று வாங்கணும், அதான் ரீசர்டிபிகேஷன்.

இனிமேல் சொல்லப்போறதுதான் முக்கியம், பெல்ட்டை எங்க கட்டியிருக்குங்கிறது. நான் ஒரு தடவை சென்னைக்குப் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல பிராக்டிஸ் முடிச்சுட்டு, காரை நிறுத்துற பிட்டுக்குள்ள வந்து நிக்கிறேன், பெல்ட்டைக் கழட்ட வந்த நண்பர் ஒரு நொடி கையை நிறுத்திட்டு என் இடது தோளையே பார்க்குறார். குனிஞ்சு பார்த்தா இடது பெல்ட் ஹான்ஸ் மேலயே இல்லை, விளிம்பைத் தாண்டி சறுக்கி விழுந்து என் புஜத்துல கிடக்கு, சூட்ல அது தேய்ச்ச கோடு கூட இருக்கு. எத்தனை லேப் அப்படி ஓட்டினேன்னு எனக்கே தெரியலை, ஓட்டும்போது ஒண்ணுமே தெரியலை. அந்த வேகத்துல அப்படியே சுவத்துல போயிருந்தா ஒரு பக்கம் மட்டும்தான் ஹான்ஸ் வேலை செஞ்சிருக்கும். காரைக் கட்டின கேரேஜ்ல பின்னாடி கம்பியில ரெண்டு தோள் பெல்ட்டையும் ரொம்ப தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தாங்க, அதான் காரணம். பெல்ட் தோள்லேருந்து பின்னாடி போகும்போது ரெண்டும் ஒண்ணை ஒண்ணு நெருங்கிப் போகணும், விரிஞ்சு போகக்கூடாது. பின்னாடி பக்கம் உள்ள தள்ளிக் கட்டின பிறகு அது திரும்ப நடக்கவே இல்லை.

இன்னொண்ணு உயரம். பக்கத்துலேருந்து பார்த்தா தோள்லேருந்து பின்னாடி போற பெல்ட் கிட்டத்தட்ட படுக்கையா இருக்கணும், இறங்கினா 20 டிகிரி வரைக்கும் இறங்கலாம், அதுக்கு மேல கீழ போனா அடியில முதுகெலும்பை அமுக்கும். தோளை விட மேல ஏறியும் போகக்கூடாது, ஹான்ஸை அழுத்திப் பிடிக்காது. சீட்டுல பெல்ட் போற ஓட்டையோட விளிம்பு பெல்ட்டை அறுக்குதான்னு விரலை விட்டுத் தடவிப் பாருங்க. சீட்டோட தலைப் பகுதிக்கும் ஹான்ஸ் காலருக்கும் நடுவுல இடம் இருக்கணும், உட்கார்ந்திருக்கும்போது காலர் சீட்டுல இடிச்சு உங்களை முன்னாடி தள்ளினா சீட்டும் ஹான்ஸும் பொருந்தலைன்னு அர்த்தம்.

மாட்டுற வரிசை இப்படி. காருக்கு வெளியவே ஹான்ஸைத் தோள்ல போட்டு, அதுக்கப்புறம் ஹெல்மெட், அப்புறம் டெதரை ரெண்டு பக்கமும் ஆங்கர்ல மாட்டுங்க. டக்குன்னு ஒரு சத்தம் வரும், அந்த சத்தத்தை மட்டும் நம்பாதீங்க, ரெண்டு டெதரையும் விரலால பிடிச்சு ஒரு வெட்டு வெட்டி இழுத்துப் பாருங்க. கையில கிளவுஸ் போட்டதுக்கப்புறம் இதெல்லாம் சரியா பிடிபடாது, முன்னாடியே பண்ணிடுங்க, இல்லைன்னா கூட இருக்கிறவரைப் பண்ணச் சொல்லுங்க. உள்ள உட்கார்ந்ததும் பின்பக்கம் சீட்டுல நல்லா ஒட்டிக்கோங்க. மொதல்ல இடுப்பு பெல்ட், வயித்துல இல்லை, இடுப்பு எலும்புல, கீழ, எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கமா. தோள் பெல்ட்டை முதல்ல இழுத்துட்டீங்கன்னா அது பக்கிளை மேல தூக்கி இடுப்பு பெல்ட்டை வயித்துக்குக் கொண்டு வந்துடும், அவசரத்துல நிறைய பேர் பண்ற தப்பு இது. அப்புறம்தான் தோள் பெல்ட், ஹான்ஸோட கைக்கு மேல, அதுல இருக்கிற விளிம்புக்கு உள்ள, முறுக்கு இல்லாம. ஹான்ஸுக்கு அடியில பெல்ட் போயிடுச்சுன்னா ஹான்ஸை யாரும் பிடிக்கலை, அது வெறும் அலங்காரம். ஹான்ஸ் பார்க்கவே முடியாத இடத்துல இருக்கிறதால ஒவ்வொரு தடவையும் வெளிய நிக்கிற ஒருத்தர் ரெண்டு தோளையும் கண்ணால பார்த்து கட்டை விரல் காட்டணும், அதுக்கப்புறம்தான் நான் ஸ்டார்ட் பண்ணுவேன்.

பெல்ட் எவ்வளவு இறுக்கணும்? மூச்சு விட முடியணும், ஆனா தோளைத் தூக்க முயற்சி பண்ணினா தூக்க முடியக்கூடாது. ரேஸ் கிளம்புறதுக்கு வரிசையா நிக்கிற கிரிட்ல நிக்கும்போது இன்னொரு தடவை இழுங்க, அதுக்குள்ள உடம்பு சீட்டுல கொஞ்சம் படிஞ்சு பெல்ட் தளர்ந்திருக்கும்.

இறுக்கினதும் மூணு சோதனை, எனக்கு இது பழக்கமாயிடுச்சு. தலையை இடது வலது திருப்பி ரெண்டு கண்ணாடியையும் பார்க்கணும், டிராக் ஓரமா கொடி காட்டுற மார்ஷல் நிக்கிற இடமும் கொடியும் தெரியணும். டெதர் ஹான்ஸுக்குப் பின்னாடி வழுக்கிக்கிட்டு நகரும், அதனால தலை திரும்பும், திரும்பலைன்னா எங்கயோ மாட்டிக்கிட்டிருக்கு. ரெண்டாவது, தலையை நேரா முன்னாடி தள்ளுங்க, தாடை நெஞ்சைத் தொடுறதுக்கு முன்னாடியே டெதர் இழுத்துப் பிடிக்கணும். மூணாவது, நம்ம காரை எலும்புல எங்கயாவது ஒரே புள்ளியில குத்துதான்னு பாருங்க, குத்தினா ஹான்ஸுக்குன்னு வர்ற மெத்தை வெச்சுக்கோங்க, கர்சீப்பு, ஸ்பாஞ்சுன்னு நாமளே எதையும் சொருகக்கூடாது. டெதர் நீளம் பத்தலைன்னு நாமளே கட்டி நீட்டுறதும் கூடாது.

ஒண்ணு சொல்லிடணும், ஹான்ஸ் முன்பக்கம் மோதுறதுக்குத்தான் முக்கியமா செஞ்சது. பக்கவாட்டு அடிக்கு சீட்டுல தலைக்கு ரெண்டு பக்கமும் வர்ற சிறகுதான் காப்பு, அதையும் பார்த்து வாங்குங்க.

ஓட்டினவங்களே சாமான் செய்ய இறங்குனது டவுனிங்கோட ஆரம்பிக்கலை. அவருக்கு முன்னாடியே பில் சிம்ப்சன்னு கலிஃபோர்னியாக்காரர் இருந்தார். 1958ல நேர் பாதையில வேகம் பார்க்குற டிராக் (drag) ரேஸ்ல மோதி ரெண்டு கையும் உடைஞ்சு கிடந்தவர், வண்டியை நிறுத்துற பாராசூட் செய்ய ஆரம்பிச்சு, நெருப்பு தாங்குற நோமெக்ஸ் துணியில ரேஸ் சூட் வரைக்கும் போனார், 1974ல இண்டியானாபொலிஸ் 500லயும் ஓட்டினார். தன் சூட்டைப் போட்டுக்கிட்டு தன்னையே கொளுத்திக் காட்டினவர் அவர். நீங்க சூட் வாங்கும்போது எஸ்எஃப்ஐ 3.2ஏ/5ன்னு லேபிள் பார்த்தீங்கன்னா, அது நெருப்புல ரெண்டாம் டிகிரி புண்ணு வர்றதுக்கு முன்னாடி சுமார் 10 நொடி குடுக்கும்னு அர்த்தம், 3.2ஏ/1னா 3 நொடிதான். இந்த 10 நொடிக்கும் ஹான்ஸுக்கும் சம்பந்தம் இருக்கு, ஏன்னா அந்த 10 நொடியில நீங்க ஹான்ஸோட வெளிய வரணும்.

அதனால வெளிய குதிக்கிறதைப் பழகுங்க. அவசரத்துல டெதரைக் கழட்டணும்னு தேடாதீங்க, ஹெல்மெட்டும் ஹான்ஸும் ஒண்ணா உங்களோடயே வெளிய வரட்டும். பக்கிளைத் திருப்பு, பெல்ட்டை ரெண்டு பக்கமும் தள்ளு, ஸ்டியரிங் கழட்டு, தலையைக் கொஞ்சம் குனிஞ்சு காலர் மேல கம்பியில இடிக்காம வெளிய வா. முதல் தடவை காலர் கட்டாயம் கதவு கம்பியில மாட்டும், எந்தப் பக்கம் தோளைச் சாய்ச்சா மாட்டாதுன்னு உடம்புக்குத் தெரியணும். வீட்டு வாசல்ல காரை நிறுத்தி, முழு டிரெஸ்ஸும் போட்டு, ஒருத்தரை வாட்ச் பிடிக்கச் சொல்லிப் பண்ணுங்க. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு பண்ணுங்க, புகை வந்தா அப்படித்தான் இருக்கும்.

கடைசியா பராமரிப்பு. ரேஸ் முடிஞ்சதும் கார் டிக்கியில வெயில்ல போட்டு வைக்காதீங்க, பையில போட்டு நிழல்ல வைங்க. டெதர்ல நூல் பிரிஞ்சிருக்கா, ஆங்கர் ஸ்க்ரூ தளர்ந்திருக்கா, காலர்ல மயிரிழை மாதிரி விரிசல் இருக்கான்னு ஒவ்வொரு ரேஸுக்கு முதல் நாள் ராத்திரியும் லைட்டு அடிச்சுப் பாருங்க. பெருசா ஒரு மோதல் ஆச்சுன்னா ஹான்ஸ் பார்க்க நல்லா இருந்தாலும் தயாரிச்ச கம்பெனிக்கு அனுப்பிக் காட்டாம திரும்பப் போடக்கூடாது, டெதரையும் ஹார்னஸையும் மாத்திடுங்க, இழுத்துப் பிடிச்ச பெல்ட் ஒரு தடவை நீண்டா நீண்டதுதான்.